நாலரைக் கட்டை

என் குரல் நிற்கும் இடம் நாலரைக் கட்டை. ஆர்மோனியத்தில் வெள்ளைக் கட்டைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு போனால் நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் நடுவே ஒரு கறுப்புக் கட்டை இருக்கும். அதுதான் நாலரை. பாடுகிறவர்கள் தங்கள் சுருதியை இப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள். அரைக் கட்டை கூட்டிப் பாடினால் கேட்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பாடுகிறவளுக்குத்தான் மேலே போகும்போது தொண்டை கிழியும்.

எனக்கு ஒருமுறை கிழிந்திருக்கிறது, அதுவும் நேர்முகத் தேர்வில். பாட்டு டீச்சர் வேலைக்குச் செங்கல்பட்டில் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே ஓர் ஆர்மோனியமும் அதை வாசிக்க ஒருவரும் தயாராக இருந்தார்கள். "பொம்பளைங்கன்னா அஞ்சு கட்டைதாம்மா" என்று அவர் ஐந்தைப் பிடித்துக்கொண்டு நகரவே இல்லை. மேல் பஞ்சமத்தைத் தொட்டதும் என் குரல் இரண்டாகப் பிளந்தது. எதிரே இருந்த அதிகாரி பேனாவை மூடி வைத்தார். 

மறு வருஷம் மறுபடியும் கடிதம் வந்தது. எழுபதுகளின் நடுவில் அப்படி ஒரு கடிதம் வருவதே பெரிய விஷயம். இந்த முறை 'சுருதிப் பெட்டியை விண்ணப்பதாரரே கொண்டுவர வேண்டும்' என்று அடியில் ஒரு வரி இருந்தது. அதைப் படித்ததும் எனக்குப் பாதி வேலை கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஆனால் இதை விட்டால் அடுத்ததற்குள் எனக்கு வயது வரம்பு தாண்டிவிடும். இதுதான் கடைசி என்று எனக்கும் தெரியும், வீட்டில் எல்லாருக்கும் தெரியும். 

அந்தச் சமயம் பார்த்து நாங்கள் ஒரு கல்யாணத்துக்குப் போய் நான்கு நாள் தங்கிவிட்டோம். திருக்கழுக்குன்றத்துக்குத் திரும்பி வந்து என் பழைய சுருதிப் பெட்டியைத் திறந்தால் துருத்தியை எலி கடித்துக் குதறியிருந்தது. நேர்முகத்துக்குச் சரியாகப் பன்னிரண்டு நாள். மறுநாள் காலையில் முதல் வேலையாகச் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினேன்.

பஜாரில் அப்போது எனக்குத் தெரிந்து வாத்தியக் கடை ஒன்றுதான். முதலாளி அரிசி மண்டியும் வைத்திருந்ததால் இந்தப் பக்கம் எப்போதாவதுதான் எட்டிப் பார்ப்பார். கடையைப் பார்த்துக்கொண்டது ஐம்பதை நெருங்கிய ஓர் ஆள். நான் போனபோது தலையைக் குனிந்து எதையோ அரம் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். காதில் பென்சில் சொருகியிருந்தது. அவர் தலைக்கு மேலே ஒரு போர்டு: 'வாத்தியங்களைக் கடையில் வாசித்துப் பார்க்கக் கூடாது.'

வாத்தியக் கடையில் இப்படி ஒரு போர்டை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. புடவைக் கடையில் புடவையைப் பிரிக்கக் கூடாது என்று எழுதி வைப்பார்களா?

"ஏங்க" என்றேன். நிமிரவில்லை. இன்னும் இரண்டு முறை கூப்பிட்டேன். எனக்குப் பிறந்ததிலிருந்தே பொறுமை கிடையாது. கவுண்டர் மேல் சாய்ந்து எட்டிப் பார்த்தேன். என் நிழல் அவர் கையில் விழுந்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"இன்னா வோணும்?"

"சுருதிப் பெட்டி. நாலரைக் கட்டை."

என் முகத்தையே உற்றுப் பார்த்தார். கடைக்காரர் பார்க்கிற பார்வையாக இல்லை. நான் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"எத்தினி?"

நான்கு விரலை நீட்டி, கட்டைவிரலைப் பாதி மடக்கிக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டு அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினார். அடியில் சாக்பீசால் 4½ என்று எழுதியிருந்தது.

"வாசிச்சுப் பாக்கலாமா?"

பென்சிலை எடுத்துப் போர்டைக் காட்டினார்.

"சத்தம் கேக்காம எப்படிங்க வாங்குறது?"

"நானே சேத்தது. தெகிரியமா எட்த்துனு போ" என்று சொல்லிவிட்டு அரத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

வேறு கடை இருந்தால் நான் ஏன் வாங்கப்போகிறேன்? வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் துருத்தியை அமுக்கி ஷட்ஜத்தில் நின்றபோதே சந்தேகம் வந்தது. மேல் பஞ்சமத்துக்குப் போனதும் சந்தேகம் தீர்ந்தது. பஜனை மடத்து ஆர்மோனியத்தோடு வைத்துப் பார்த்தேன். சாட்சாத் ஐந்து. போன வருஷம் என்னைக் கொன்ற அதே ஐந்தாவது வெள்ளைக் கட்டை. ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும் ஒன்றோடொன்று அப்படி இழைந்தன. அவ்வளவு சுத்தமாகச் சேர்த்தவருக்கு எந்தக் கட்டையில் சேர்க்கிறோம் என்று தெரியாதா? வேண்டுமென்றே தலையில் கட்டியிருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அப்பா கோயில் அலுவலகத்தில் எழுத்தர். "அரைக் கட்டைதானேம்மா, கொஞ்சம் எம்பிப் பாடேன்" என்றார். அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். அன்றைக்கு நான் அவருக்குக் காபி கொடுக்கவில்லை.

அப்படியும் ஒரு வாரம் அவர் சொன்ன மாதிரியே எம்பிப் பாடிப் பார்த்தேன். அது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. புதன்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி கடைக்குப் போனேன். அங்கே கடற்கரைக் குப்பத்து அம்மா ஒருத்தி, தோல் கிழிந்த பம்பையோடு நின்றிருந்தாள். அவளுக்கு முன்னாலேயே எங்கள் சண்டை நடந்தது.

"இது நாலரை இல்லைங்க, அஞ்சு."

பெட்டியை வாங்கித் துருத்தியை அமுக்கினார். உள்ளங்கையை மூடிமேல் விரித்து வைத்து, கண்ணை மூடிக்கொண்டு சிறிது நேரம் இருந்தார். "சரியாத்தான் கீது" என்றார்.

"எங்க மடத்து ஆர்மோனியத்தோட வெச்சுப் பாத்துட்டேன்."

"ஆர்மோனியம் எறங்கியிருக்கும். பழசா கீது இல்ல?"

அந்த ஆர்மோனியத்தை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை! எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. எனக்குத் திங்கட்கிழமை நேர்முகம், இதுதான் கடைசி முறை, மாற்றித் தராவிட்டாலும் பரவாயில்லை, இதையே இறக்கியாவது கொடுங்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், பாதியில் முதுகைக் காட்டிக்கொண்டு பம்பைக்குத் தோல் தேடப் போய்விட்டார். நான் அந்த முதுகோடு பேசிக்கொண்டிருந்தேன்.

"காது செவிடா உங்களுக்கு?" என்று கத்தினேன். தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். அவர் மட்டும் திரும்பவே இல்லை. இவ்வளவு திமிரா என்று பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மாமல்லபுரம் போகிற பஸ் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். பம்பைக்கார அம்மாவும் அதில்தான் ஏறினாள். என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"அர கட்டைக்கா இம்மாம் சண்ட?" என்று சிரித்தாள். "எங்க மரத்துல நாலு கட்ட கட்டுவோம், அஞ்சு கட்டயும் கட்டுவோம். அர கட்டய எங்கனா கட்டிப் பாத்துக்கிறியா?"

கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டை என்றால் அவளுக்குக் கட்டுமரம்தான்.

"அந்தாளு எங்க குப்பத்து மருமவன்தான். ஒண்ணும் கெட்டவன் இல்ல. மின்ன நல்லா பேசிக்கினு இருந்தான். இப்பதான் ஒரு மாதிரியா ஆய்ட்டான். ஞாயித்துக்கெயம வூட்லதான் இருப்பான், வந்து கேளேன்" என்றாள்.

நான் எதற்கு அவர் வீட்டுக்குப் போகிறேன்? வீட்டுக்கு வந்த கையோடு ஒரு போஸ்ட் கார்டை எடுத்தேன். கடை முதலாளிக்கு எழுதினேன். எழுதியது இன்னும் அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. 'தங்கள் கடையில் இருப்பவர் தவறான பெட்டியைத் தந்துவிட்டு, சொன்னால் ஒப்புக்கொள்ளவும் மறுக்கிறார். பேசிக்கொண்டிருக்கும்போதே முதுகைக் காட்டுகிறார். அவருக்கு என்ன, காது செவிடா? இசைக் கருவி விற்கிற இடத்தில் இப்படி ஓர் ஆள் எதற்கு?' செவிடா என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டேன். முதலாளி பெயர் தெரியாததால் 'உரிமையாளர்' என்று போட்டுக் கடை விலாசத்தை எழுதி, அன்று மாலைத் தபாலிலேயே சேர்த்துவிட்டேன். நிம்மதியாக இருந்தது.

வியாழனும் வெள்ளியும் மறுபடி ஐந்தில் முட்டி மோதினேன். சனிக்கிழமை தொண்டை கட்டிக்கொண்டது. மிளகுப்பாலைக் குடித்துக்கொண்டு, யோசித்து யோசித்துப் பார்த்தும் எனக்கு வேறு வழி தெரியவில்லை. கௌரவத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டியோடு மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறினேன்.

குப்பத்தில் விசாரித்ததும் உடனே காட்டினார்கள். வீட்டு வாசலில் அவர் மனைவி கருவாடு பரப்பிக்கொண்டிருந்தாள். அவர் சற்றுத் தள்ளி, கரையில் ஏற்றிக் கிடந்த கட்டுமரத்தின் மேல் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் பின்னாலிருந்து "ஏங்க" என்றேன். கட்டின தொண்டையோடு இன்னும் உரக்கக் கூப்பிட வாயைத் திறந்தேன்.

"கூப்டாதம்மே" என்றாள் அவர் மனைவி. எழுந்து வந்து மணலில் கிடந்த ஒரு கிளிஞ்சலை எடுத்தாள். குறி பார்த்து அவர் காலடியில் போட்டாள். அவர் திரும்பிப் பார்த்தார்.

அவள் அதைச் செய்த விதம், தினமும் பத்து முறை செய்கிற மாதிரி இருந்தது. எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. நிழல் விழுந்த பிறகு நிமிர்ந்தது, என் உதட்டை உற்றுப் பார்த்தது, மூடிமேல் கை வைத்தது, கத்தியும் திரும்பாத முதுகு. கூடவே போஸ்ட் கார்டில் நான் போட்ட இரண்டு கோடுகளும். அப்படி ஒரு வெட்கம் அதற்குப் பிறகு எனக்கு வந்ததில்லை.

"நெஞ்சுல காச நோவுன்னு ஊசி போட்டாங்கோ" என்றாள் அவர் மனைவி, மெதுவாக. அவர் காதுக்குப் பயந்து மெதுவாகப் பேச வேண்டியதில்லை, பக்கத்து வீட்டுக் காதுகளுக்காக. "மாசக்கணக்கா ஊசி. உசுரு நின்னுச்சு, காது போயிருச்சு. போன ஆடிலேந்து சுத்தமா இல்ல. மொதலாளிக்குத் தெர்யாது. தெரிஞ்சா வெச்சுக்குவாரா? செவிடன்கிட்ட எவன் சுதி சேப்பான், சொல்லு. அதான் அந்தப் போர்ட எழுதி மாட்டிக்கினாரு. வாசிச்சிட்டு எப்டி கீதுன்னு கேப்பாங்கோ. இன்னா சொல்லுவாரு?"

நான் அவருக்கு எதிரே போய் நின்று பெட்டியை வைத்தேன். முகத்துக்கு நேரே, வாயை நன்றாகத் திறந்து, "அஞ்சுல இருக்குங்க" என்றேன்.

நான் எப்படிப் பேசுகிறேன் என்பதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்திருக்கும். மனைவியைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள்.

"நெசமா அஞ்சா?"

"ஆமாங்க."

"பொட்டில கீற ரெண்டு பித்தள நாக்கும் ஒத்துக்கிச்சுன்னா கைக்குத் தெரியும். ஒத்துக்கலன்னா உள்ள அதிரும்" என்று உள்ளங்கையைக் காட்டினார். "எந்தக் கட்டைல நிக்கிதுன்னு கைக்குத் தெர்ல." பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அப்போ ஆடிக்கப்புறம் வித்ததெல்லாம்?"

 யார் யார் எங்கெங்கே அந்தப் பெட்டிகளை வைத்துக்கொண்டு தங்கள் தொண்டையைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்களோ.

வீட்டுக்குள்ளிருந்து அரத்தைக் கொண்டுவந்தார். பெட்டியைப் பிரித்தார். உள்ளே பித்தளை நாக்குகள். அடியில் சுரண்டினால் சுருதி இறங்கும், நுனியில் சுரண்டினால் ஏறும் என்றார். அவர் சுரண்டுவார், நான் துருத்தியை அமுக்கிக் கேட்பேன். இன்னும் இறங்கணும் என்றால் விரலைக் கீழே காட்டுவேன். கட்டின தொண்டையாக இருந்தாலும் நாலரை என் தொண்டையில் இருந்தது, அது போகாது. ஒருமுறை அதிகமாக இறங்கிவிட்டது, விரலை மேலே காட்டினேன். "பேஜாரு புட்ச்ச பொண்ணும்மா நீ" என்று நுனியைத் தேய்த்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். ஷட்ஜம் உட்கார்ந்த பிறகு பஞ்சமத்துக்கு என்னைக் கேட்கவே இல்லை. மூடிமேல் கையை வைத்துக்கொண்டு அவரே சேர்த்தார். நான் காதால் சேர்த்திருந்தால்கூட அவ்வளவு சுத்தமாக வந்திருக்காது.

அவர் மனைவி நாஸ்தா துன்னுட்டுப் போ என்று இட்லி வைத்துக் கொடுத்தாள்.  போஸ்ட் கார்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சட்டைப் பையில் கை விட்டு அதை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை கடைக்கு வந்திருக்கிறது. கடைக்கு வருகிற தபாலை வாங்கி வைப்பதும் அவர் வேலைதான். போஸ்ட் கார்டுக்கு உறையா, மறைவா?

"நீ எழுதனதுதான?"

தலையாட்டினேன். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பார்க்காமல் பேசினால் அவருக்குக் கேட்காது என்பது நினைவு வந்து நிமிர்ந்தேன்.

இரண்டு கோடு போட்ட இடத்தில் விரலை வைத்தார். "இத்த மட்டும் சொல்லு. சும்மா கேக்கிற மாதிரி கேட்டியா, இல்ல தெரிஞ்சுக்கினு எழுதினியா?"

"கோவத்துல எழுதிட்டேங்க. சத்தியமா எனக்குத் தெரியாது."

"கோவத்துலதான?"

"கோவத்துலதாங்க."

ஒரு பெருமூச்சு விட்டார். மனைவியைத் திரும்பிப் பார்த்து, "கோவத்துலயாம்மே" என்றார், ஒரு நல்ல சேதியைச் சொல்கிற மாதிரி. வெளியே தெரிந்துவிட்டது, ஊர் பேசுகிறது என்று வெள்ளியிலிருந்து இரண்டு பேரும் தூங்காமல் இருந்திருக்கிறார்கள். நான் திட்டியது அவருக்கு வலிக்கவே இல்லை. வெறும் திட்டு என்று தெரிந்ததில்தான் அவருக்கு உயிர் வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன்.

"மொதலாளி பேருக்கு வந்த கடுதாசி. நான் கியிச்சா திருட்டுத்தனம். நாளிக்கி கடைக்கு வருவாரு" என்று கார்டை என்னிடம் நீட்டினார். "எழுதனவ நீ. அவராண்ட குடுன்னா குடுக்கிறேன்."

வாங்கி நான்காகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டேன். அன்று மாலை எங்கள் வீட்டு வெந்நீர் அடுப்பில் அது எரிந்தது.

திங்கட்கிழமை அதே அறை, அதே அதிகாரி. ஓரத்தில் அதே ஆர்மோனியக்காரர். நான் துருத்தியை அமுக்கியதும் அவர் கறுப்புக் கட்டையைத் தொட்டுப் பார்த்தார். "நாலரை. டாண்ணு நிக்குதே, யாரு சேத்தது?" என்றார்.

"பஜார்ல ஒருத்தர்" என்றேன். அதற்கு மேல் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று பயந்து உடனே பாட ஆரம்பித்தேன். இரவெல்லாம் குடித்த மிளகுப்பாலோ என்னவோ, தொண்டை விட்டிருந்தது. மேல் பஞ்சமத்தில் போய் நின்றேன். அதிகாரி பேனாவை மூடவில்லை.

வேலை கிடைத்தது. சேர்ந்த சில மாதத்தில் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு சுருதிப் பெட்டி வாங்கச் சொன்னார்கள். சனிக்கிழமை அந்தக் கடைக்குப் போனேன். போர்டு அப்படியே இருந்தது. பெட்டிகளை எடுத்து வைத்துவிட்டு, மூலையில் தொங்கிய துணித் திரையைக் காட்டினார். அந்தப் பக்கம் யாரும் பார்க்காமல் நான் துருத்தியை அமுக்கி விரலைக் காட்டினேன், அவர் அரத்தை எடுத்தார். அதற்குப் பிறகு அநேகமாக எல்லாச் சனிக்கிழமையும் நான் செங்கல்பட்டுக்குப் போகக் காரணம் இருந்தது. ஆடிக்குப் பிறகு விற்றவையும், அவர் சொல்லியனுப்பி, ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. வந்தவர்களில் பலருக்கு எதற்காகக் கூப்பிட்டார் என்று கடைசிவரை தெரியாது.

அப்படி ஒரு சனிக்கிழமை, அவர் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கவுண்டரின் மறுகோடியில் தோல் அறுத்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்த ஒருவர் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கவுண்டரைத் தட்டினார். பேண்டு செட்டுக்காரர் போலிருந்தது. மூக்கு விடைத்துக்கொண்டிருந்தது. என்ன கேட்கப்போகிறார் என்று எனக்குத் தெரியும், நானே கேட்டதுதான்.

"யோவ், காது..."

என் கைப்பையில் அந்தக் குப்பத்துக் கிளிஞ்சல் ஒன்று எப்போதும் கிடக்கும். அதை எடுத்துக் கவுண்டரில் உருட்டிவிட்டேன். அது ஓடிப்போய் அவர் கைக்குப் பக்கத்தில் நின்றது. அவர் திரும்பினார். வந்தவரைப் பார்த்து, "இன்னா வோணும்?" என்றார்.